ரோம் முதல் முறை: மூன்று நாளில் எதை எடுப்பது, எதை விடுவது

ஐரோப்பாச் சுற்றுலாவில் ரோமுக்குப் பெரும்பாலும் மூன்று நாள்தான் ஒதுங்கும். பாரிஸும் சுவிட்சர்லாந்தும் வெனிஸும் பங்கு கேட்கும். ஷெங்கன் விசா கிடைத்ததே பெரிய விஷயம், இந்த ஒரு தடவையிலேயே எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று வீட்டில் ஒரு கட்சி கிளம்பும். கொலோசியம், வாடிகன், பாந்தியன், ட்ரெவி நீரூற்று என்று பட்டியல் போட்டு இணையத்தில் தேடினால், அத்தனையையும் ஒரே நாளில் காட்டிவிடுகிறோம் என்று பேக்கேஜ்கள் வரிசை கட்டும். பணத்தைக் கட்டுவதற்கு முன்னால் சில தேர்வுகளை எதிரெதிரே நிறுத்திப் பார்த்துவிடலாம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரோமில் பணம் தீர்வதற்கு முன் கால் ஓய்ந்துவிடும். கருங்கல் பாவிய தெருக்கள், மணிக்கணக்கில் வரிசை, நிழலில்லாத இடிபாடுகள். அதனால் எது மலிவு என்று பார்ப்பதைவிட, எது நம்மைக் குறைவாக நிற்க வைக்கிறது, நின்ற நேரத்துக்கு என்ன காட்டுகிறது என்று கணக்குப் போடுவது நல்லது.

வாடிகனா, போர்கேசேயா

வாடிகன் போகிறோம் என்பவர்களில் பலருக்கு அது இரண்டு தனித்தனி இடம் என்பது அங்கே போன பிறகுதான் தெரியவருகிறது. ஒன்று புனித பேதுரு பேராலயம். உள்ளே போகக் கட்டணம் கிடையாது, பாதுகாப்புச் சோதனைக்கு மட்டும் வரிசையில் நிற்க வேண்டும். இன்னொன்று வாடிகன் அருங்காட்சியகங்கள். டிக்கெட் 20 யூரோ, இணையத்தில் நேரம் குறித்து முன்பதிவு செய்தால் இன்னும் 5 யூரோ. மைக்கேலாஞ்சலோ வரைந்த சிஸ்டைன் சிற்றாலயம் இந்த இரண்டாவது இடத்துக்குள், அதுவும் பாதையின் கடைசியில் இருக்கிறது. இரண்டுக்கும் வாசல் வேறு, நடுவில் உயர்ந்த மதிலைச் சுற்றிக் கால் மணி நேர நடை. பேராலய வரிசையில் நின்று உள்ளே போய்விட்டு, சிஸ்டைன் எந்தப் பக்கம் என்று காவலரிடம் கேட்பவர்களை அங்கே எந்த நாளும் பார்க்கலாம்.

அருங்காட்சியகங்களில் என்ன இருக்கிறது என்பதில் சந்தேகமே வேண்டாம். 1506-இல் ஒரு திராட்சைத் தோட்டத்தில் தோண்டி எடுத்த லாவோகோவோன் சிலை, ரஃபேல் வரைந்த ‘ஏதென்ஸ் பள்ளி’ இருக்கும் அறைகள், இத்தாலியின் ஒவ்வொரு பகுதியையும் சுவரில் வரைபடமாகத் தீட்டிய 120 மீட்டர் நீளக் கூடம், கடைசியில் மைக்கேலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை வரைந்த சிஸ்டைன் விதானம். ஆனால் கூட்டம் உங்களைத் தள்ளிக்கொண்டே போகும். நின்று பார்க்க நினைத்த இடத்தில் பின்னால் வருபவரின் கைப்பை முதுகில் இடிக்கும். சிஸ்டைனுக்குள் படம் எடுக்கக் கூடாது, பேசக் கூடாது. காவலர்கள் அதட்டிக்கொண்டே இருப்பார்கள், கூட்டம் பேசிக்கொண்டே இருக்கும். விதானம் 20 மீட்டர் உயரத்தில் இருப்பதால், படங்களில் பார்த்துப் பழகிய ஆதாமின் விரல் நேரில் சின்னதாகத்தான் தெரியும். கைக்கு அடக்கமான பைனாகுலர் ஒன்று இருந்தால் அங்கே அது தங்கம். சுவரோரம் பெஞ்சுகள் உண்டு. இடம் காலியாகும்வரை காத்திருந்து உட்கார்ந்து பாருங்கள். அண்ணாந்து நின்றபடி ஐந்து நிமிடம்கூடக் கழுத்து தாங்காது.

போர்கேசே கலைக்கூடம் இதற்கு நேர் எதிர். நகரின் வடக்கே ஒரு பெரிய பூங்காவுக்குள் இருக்கும் மாளிகை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு குழு என்று ஆளெண்ணிக்கையைக் கட்டுப்படுத்தித்தான் உள்ளே விடுகிறார்கள். முன்பதிவு இல்லாமல் போய் நிற்பதில் அர்த்தமில்லை. அந்த எண்ணிக்கைக் கட்டுப்பாடுதான் அதன் பெரிய வரம், ஒவ்வொரு சிலையையும் சுற்றி நடக்க இடம் இருக்கும்.

சிற்பி பெர்னினியின் ‘அப்போலோவும் டாஃப்னேயும்’ சிலையைப் பின்பக்கத்திலிருந்து பார்க்கத் தொடங்குங்கள். முதலில் ஓடுகிற அப்போலோவின் முதுகும் பறக்கிற துணியும்தான் தெரியும். வலமாக நகர நகர, அவனிடமிருந்து தப்ப மரமாக மாறும் டாஃப்னேயின் இடுப்பில் மரப்பட்டை ஏறுவது தெரியும். இன்னும் இரண்டடி போனால் அவளுடைய விரல் நுனிகள் இலைகளாகப் பிரிந்துகொண்டிருக்கும். அந்த இலைகள் வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லியவை, எல்லாம் ஒரே பளிங்கு. பக்கத்து அறையில் பாதாள உலகக் கடவுள் புளூட்டோ தூக்கிச் செல்லும் புரோசர்பினாவின் தொடையில் அவன் விரல்கள் பதிந்திருக்கும் குழிவைப் பாருங்கள். கல்லில் சதை அழுந்துகிறது. இதைச் செதுக்கியபோது பெர்னினிக்கு இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது. கரவாஜ்ஜியோவின் ஆறு ஓவியங்களும் இதே மாளிகையில் இருக்கின்றன.

மூன்று முழு நாள் இருந்தால் இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் ஒரே நாளில் வேண்டாம். இரண்டே நாள்தான் என்றால் வாடிகன் அருங்காட்சியகத்தை விட்டுவிட்டுப் போர்கேசேயைத் தேர்ந்தெடுங்கள் என்பேன். சிஸ்டைனைப் பார்க்காமல் ரோமா என்று ஊரில் கேட்பார்கள், கேட்கட்டும். பேராலயம்தான் கையில் இருக்கிறதே. மைக்கேலாஞ்சலோவின் பியத்தா சிலை (இயேசுவின் உடலை மடியில் ஏந்திய மரியா), அவர் திட்டமிட்ட குவிமாடம், பெர்னினியின் வெண்கல மண்டபம், வெளியே அவருடைய தூண் வரிசை எல்லாம் காசில்லாமல் பார்க்கலாம். காலை ஏழு, ஏழரைக்கே போய்விட்டால் வரிசையும் சின்னது.

கத்தோலிக்கக் குடும்பமாக இருந்தால் கணக்கு வேறு. திருத்தந்தை ரோமில் இருக்கும் புதன்கிழமைகளில் காலையில் பொதுச் சந்திப்பு நடக்கும், அதற்கான அனுமதிச் சீட்டு இலவசம். ஞாயிறு நண்பகலில் அவர் ஜன்னலில் தோன்றி ஜெபிப்பதைச் சதுக்கத்தில் நின்றே பார்க்கலாம், சீட்டே வேண்டாம். மற்றவர்கள் புதன் காலையில் பேராலயப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

குவிமாடத்தில் ஏற 551 படி. லிஃப்ட் எடுத்தாலும் அது கூரைத் தளம் வரைதான், அதற்கு மேல் 320 படி பாக்கி இருக்கும். அந்தப் படிகள் குவிமாடத்தின் வளைவோடு சேர்ந்து சாய்ந்தே போகும், இரண்டு பக்கச் சுவரும் தோளை உரசும். முட்டிவலிக்காரர்களும் அடைசலான இடம் ஆகாதவர்களும் கூரைத் தளத்தோடு நின்றுவிடலாம். உடை விஷயத்தில் பேராலயமும் அருங்காட்சியகமும் கறார்: தோளும் முட்டியும் மூடியிருக்க வேண்டும். சேலை, சல்வாருக்குப் பிரச்சினையே இல்லை. மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அரைக்கால் சட்டை போட்ட அப்பாக்கள்தான்.

கொலோசியத்தில் எந்த டிக்கெட், யாருக்குக் கைடு

கொலோசியம் டிக்கெட் என்பது கொலோசியம், பழைய ரோமின் பொதுச் சதுக்கமான ஃபோரம், அதையொட்டிய பாலட்டைன் குன்று மூன்றுக்கும் சேர்த்துத்தான். சாதாரண டிக்கெட் 18 யூரோ, முதல் இரண்டு தளங்களைப் பார்க்கலாம். சில யூரோ கூடக் கொடுத்தால் அரங்கத் தரையில் நிற்கலாம், அல்லது விலங்குகளையும் வீரர்களையும் மேலே ஏற்றிய பாதாள அறைகளுக்குள் இறங்கலாம். பாதாளத்துக்கு இடம் குறைவு, அது சட்டென்று தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் பெரிய நஷ்டம் என்று நான் நினைக்கவில்லை. மேல் தளத்திலிருந்து குனிந்தாலே அந்த அறைகளின் அமைப்பு முழுதாகத் தெரிகிறது, சொல்லப்போனால் அங்கிருந்துதான் நன்றாகப் புரிகிறது.

டிக்கெட்டுகள் பெயர் போட்டு வரும், பாஸ்போர்ட்டோடு ஒத்துப் பார்ப்பார்கள். நம் ஆட்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு: இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், பதிவு செய்யும்போது பழக்கத்தில் ஒற்றை எழுத்தைப் போட்டுவிடுவோம். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே அடியுங்கள்.

வாசலில் கழுத்தில் அட்டை மாட்டியவர்கள், வரிசையில்லாமல் உள்ளே விடுகிறோம் என்று கூப்பிடுவார்கள். நேரம் குறித்த டிக்கெட் வைத்திருக்கும் எல்லாருக்கும் டிக்கெட் வரிசை ஏற்கெனவே இல்லை. பாதுகாப்புச் சோதனை வரிசையை அவர்களாலும் தாண்ட முடியாது. அப்புறம் எதற்கு இரண்டு மடங்கு பணம்?

ஆனால் கைடே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஒரே ஒரு இடத்துக்குக் கைடுக்குச் செலவழிக்க முடியும் என்றால் அதை ஃபோரத்துக்கு வையுங்கள். கொலோசியம் தன்னைத்தானே விளக்கிக்கொள்ளும் கட்டடம். கி.பி. 80-இல் திறந்த, 188 மீட்டர் நீள நீள்வட்ட அரங்கம், இங்கே உட்கார்ந்தார்கள், அங்கே சண்டை போட்டார்கள். ஒரு பக்கச் சுவர் குட்டையாக இருப்பதற்குக் காரணம் 1349 பூகம்பம், விழுந்த கல்லை ஊர்க்காரர்கள் வேறு கட்டடங்களுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இவ்வளவு தெரிந்தால் முக்கால் பங்கு முடிந்தது. ஃபோரம் அப்படியில்லை. விவரம் தெரியாமல் நுழைந்தால் உடைந்த தூண், புல், வெயில்.

விவரம் தெரிந்தவர் கூட வந்தால் அதே இடம் வேறு மாதிரி ஆகிவிடும். அன்டோனினஸ், ஃபாஸ்டினா கோயிலின் முன்னால் நிறுத்தி, தூண்களுக்குப் பின்னே இருக்கும் கதவைப் பாருங்கள் என்பார். கதவு தரையிலிருந்து பல மீட்டர் உயரத்தில், படியே இல்லாமல் தொங்கிக்கொண்டிருக்கும். பழைய கோயிலுக்குள் பிற்காலத்தில் தேவாலயம் கட்டியபோது ஃபோரம் மண்மூடிக் கிடந்தது, கதவை அன்றைய தரைமட்டத்தில் வைத்தார்கள். பிறகு தோண்டியபோது தரை கீழே போய்விட்டது, கதவு மேலேயே நின்றுவிட்டது. ரோமில் எத்தனை நூற்றாண்டு மண் ஏறியிருக்கிறது என்பதை அந்த ஒரு கதவு காட்டிவிடும். அதே தூண்களின் மேற்பகுதியில் சாய்வாக விழுந்திருக்கும் வெட்டுத் தடங்கள், கயிறு கட்டி அவற்றைச் சாய்க்கப் பார்த்த முயற்சியின் மிச்சம் என்பார்கள். டைட்டஸ் வளைவின் உட்புறத்தில், கி.பி. 70-இல் எருசலேமைச் சூறையாடி ஏழு கிளை விளக்கைத் தூக்கிவரும் ஊர்வலம் செதுக்கப்பட்டிருக்கிறது. யாரும் சொல்லாவிட்டால் வளைவுக்குக் கீழே நடந்து போய்விடுவோம்.

நமக்கென்று ஒரு இடமும் அங்கே உண்டு. மேக்சென்டியஸ் பசிலிக்காவின் மூன்று பிரம்மாண்ட வளைவுகள் நிற்கும் பகுதியில், அதற்கு முன்பு பேரரசர் டொமிஷியன் காலத்து மிளகுக் கிடங்கு இருந்தது. சேர நாட்டுத் துறைமுகமான முசிறியிலிருந்து செங்கடல் வழியாகப் போன சரக்கு வந்து சேர்ந்த இடங்களில் அது ஒன்று. யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பினார்கள் என்று நம் சங்கப் பாட்டில் படித்தோமே, அந்த மிளகு போய் இறங்கிய முனை இது. கைடுகள் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை, நீங்களே கேளுங்கள்.

கைடுக்கு மனமில்லை என்றால் ஃபோரத்துக்குள் இறங்குவதற்கு முன் காம்பிடோலியோ குன்றின் பின்பக்கத்திலிருந்து மொத்த இடத்தையும் மேலிருந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். எது எங்கே என்று கண்ணுக்குப் பிடிபட்டுவிடும். செல்போனில் ஆடியோ கைடு போதும் என்பவர்கள் வீட்டிலேயே இறக்கிவைத்துக்கொண்டு போகலாம்.

மாதத்தின் முதல் ஞாயிறு கொலோசியமும் பாந்தியனும் இலவசம். வாடிகன் அருங்காட்சியகம் கடைசி ஞாயிறு காலையில் இலவசம். மிச்சமாகும் காசுக்கு அரை நாள் வரிசையில் போகும். எனக்கு அந்தப் பேரம் கட்டுபடியாகவில்லை.

பாஸ், பஸ், நடை

ரோமா பாஸ் என்று 48 மணி, 72 மணி அட்டைகள் விற்கிறார்கள். பஸ், மெட்ரோவோடு, நுழையும் முதல் ஒன்றிரண்டு இடங்கள் இலவசம், பிறகு தள்ளுபடி. ஆனால் வாடிகன் இதில் வராது, அது வேறு நாடு. பாஸ் இருந்தாலும் கொலோசியத்துக்கும் போர்கேசேக்கும் தனியாக நேரம் பதிவு செய்தே ஆக வேண்டும். மெட்ரோ, பஸ்ஸுக்கு ஒரு டிக்கெட் 1.50 யூரோ, 100 நிமிடம் செல்லும். ஒரு நாளைக்கு இரண்டு தடவைக்கு மேல் ஏறும் அவசியம் வராது. மூன்று நாளில் கட்டண நுழைவு இரண்டு, மூன்று இடம்தான் என்றால் பாஸ் பெரிய லாபமில்லை.

ஏறி இறங்கும் சுற்றுலா பஸ்ஸை நான் பரிந்துரைக்க மாட்டேன். பெரிய பஸ் நுழைய முடியாத சந்துகளில்தான் பழைய ரோம் இருக்கிறது. ட்ரெவியிலிருந்து பாந்தியன் பத்து நிமிட நடை, அங்கிருந்து நவோனா சதுக்கம் ஐந்து நிமிடம். நடக்கவே முடியாத பெரியவர்கள் கூட வந்தால் மட்டும் ஒரு சுற்று போய்வரலாம்.

பாந்தியனுக்கு 2023 ஜூலையிலிருந்து 5 யூரோ கட்டணம். தாராளமாகக் கொடுக்கலாம். பேரரசர் ஹேட்ரியன் காலத்து இந்தக் கோயிலின் கான்கிரீட் குவிமாடம் கம்பியே இல்லாமல் 43 மீட்டர் அகலத்துக்கு நிற்கிறது, உச்சியில் கண்ணாடி போடாத வட்டத் திறப்பு. மழை பெய்தால் உள்ளேதான் கொட்டும், தரையில் அதற்கு வடிகால் துளைகள் வைத்திருக்கிறார்கள். ட்ரெவிக்கு விடியற்காலையில் போங்கள், பகலில் தலைகளைத்தான் பார்க்க முடியும். ஸ்பானியப் படிகளில் உட்காரக் கூடாது, அபராதம் போடுவார்கள்.

காசே இல்லாமல் பெரிய ஓவியம் பார்க்க வேண்டுமா? நவோனாவுக்குப் பக்கத்தில் சான் லூயிஜி தேவாலயத்தில் கரவாஜ்ஜியோவின் மத்தேயு ஓவியங்கள் மூன்று இருக்கின்றன. இந்த மாதிரி தேவாலயங்களில் பெட்டியில் நாணயம் போட்டால்தான் ஓவியத்துக்கு விளக்கு எரியும், கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வேறு யாராவது போடும்வரை பொறுமையாக நில்லுங்கள். கொலோசியத்துக்குப் பக்கத்தில் சான் பியேத்ரோ இன் வின்கோலி ஆலயத்தில் மைக்கேலாஞ்சலோவின் மோசே சிலை, அதுவும் இலவசம். நிறையத் தேவாலயங்களை மதியம் சாத்திவிடுவார்கள் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

எங்கே தங்குவது

தெர்மினி ரயில் நிலையப் பக்கம் வாடகை மலிவு, மெட்ரோவின் A, B லைன்கள் அங்கே சந்திக்கின்றன. அழகு கிடையாது, இரவில் கொஞ்சம் ஜாக்கிரதை வேண்டும். ஆனால் பக்கத்து எஸ்குவிலினோவில் ஆசியக் காய்கறியும் மசாலாவும் விற்கும் சந்தை இருக்கிறது, இந்திய, பங்களாதேஷ் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன. குழந்தைகளும் சைவக்காரர்களும் உள்ள குடும்பத்துக்கு இது சின்ன விஷயமில்லை. த்ராஸ்தேவெரே மாலையில் உலாவ அருமையான இடம். மெட்ரோ கிடையாது, டிராமும் பஸ்ஸும்தான், இரவு வெகுநேரம் சத்தம். வாடிகனை ஒட்டிய பிராத்தி அமைதியானது, அகலமான தெருக்கள், ஒத்தாவியானோ மெட்ரோ நிலையம் பக்கத்தில். முதல் முறை போகும் ஜோடிக்கு நான் மோன்தியைச் சொல்வேன்: கொலோசியத்துக்கு நடந்தே போகலாம், தெர்மினியும் தொலைவில்லை, சந்துகளும் அழகு. பெட்டி உருட்டும் தூரத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபியுமிசினோ விமான நிலையத்திலிருந்து தெர்மினிக்கு லியோனார்டோ எக்ஸ்பிரஸ் ஆளுக்கு 14 யூரோ, அரை மணி நேரம். நாலு பேருக்கு அதுவே 56 ஆகிவிடும். பழைய மதிலுக்குள் எங்கே போனாலும் வெள்ளை டாக்சிக்கு நகராட்சி நிர்ணயித்த ஒரே கட்டணம் கிட்டத்தட்ட அதே தொகைதான், பெட்டிகளோடு ஓட்டல் வாசலில் இறக்கிவிடுவார்கள். ஒருவர், இருவர் என்றால் ரயில்.

சாப்பாட்டில் சைவக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கார்போனாரா, அமத்ரிச்சியானா என்ற இரண்டு பாஸ்தாவிலும் பன்றிக் கன்ன இறைச்சி உண்டு. சுப்லி என்ற பொரித்த அரிசி உருண்டையிலும் இறைச்சி இருக்கும், கேட்டு வாங்குங்கள். மிளகும் பாலாடைக்கட்டியும் மட்டும் சேர்ந்த காச்சோ எ பெப்பே சைவம்போல் தெரியும், ஆனால் அதில் போடும் பெக்கோரினோ ஆட்டுக்குட்டியின் வயிற்று நொதியால் உறைய வைத்தது. அதைப் பார்ப்பவர்கள் மரினாரா பிட்சாவுக்குப் போய்விடலாம், அதில் சீஸே இல்லை. காப்பியைக் கடை மேடையருகே நின்று குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் வேறு விலை. தண்ணீர் பாட்டில் வாங்கத் தேவையில்லை, தெருமுனைக் குழாய்களில் இரவு பகலாக ஓடும் தண்ணீர் குடிக்க நன்றாக இருக்கும்.

நம் கோடை விடுமுறையான ஏப்ரல், மே ரோமுக்கு நல்ல பருவம். ஈஸ்டர் வாரத்தை மட்டும் தவிர்க்கலாம். ஜூலை, ஆகஸ்ட் வெயில் சென்னைக்காரரையும் சோர்வாக்கும், ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிப் பல கடைகள் மூடிக்கிடக்கும்.

விமான டிக்கெட் எடுத்ததும் கிழமைகளை எழுதிவைத்துப் பாருங்கள். திங்கள் போர்கேசே கிடையாது, கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் வாடிகன் அருங்காட்சியகம் கிடையாது, புதன் காலை பேராலயம் கிடையாது. முதலில் போர்கேசே நேரத்தைப் பிடியுங்கள், இடம் அங்கேதான் குறைவு. அடுத்து வாடிகன், காலை முதல் நேரம் கிடைத்தால் விடாதீர்கள். கொலோசியம் டிக்கெட் 30 நாளுக்கு முன்புதான் திறக்கும், அந்தத் தேதிக்குக் கைபேசியில் அலாரம் வைத்துவிடுங்கள். அது கைக்கு வரும்வரை ஓட்டலை, ரத்து செய்தால் பணம் திரும்பும் வகையிலேயே போட்டுவையுங்கள்.